அப்பா சுற்றிய வேகத்தில் முதலாம் இடம்

அந்த வருடத்தின் மிகச் சிறந்த ஐந்து பாட்டுகளை நான்தான் தெரிவு செய்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. எங்கள் பாடசாலையின் கையெழுத்துச் சஞ்சிகையில் இரண்டு பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. "நான் எழுதுறன் ரீச்சர்" என்று கையை உயர்த்தினேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்திலிருந்து விசுவமடுவுக்கு வந்து, மற்றவர்களின் மிளகாய்க் காணிகளில் வேலை செய்து, பிறகு சொந்தமாக ஒரு துண்டுக் காடு வெட்டியவர்கள். ஆகவே எதை எழுதச் சொன்னாலும் நான் எழுதுவேன். சொல்லாவிட்டாலும் எழுதுவேன்.

ஒரு விதி வைத்தேன். சினிமாப் பாட்டு ஒன்றும் சேர்ப்பதில்லை. அவற்றுக்கு என் உதவி தேவையில்லை. எங்கள் பக்கத்து மனிதர்கள் தாங்களே பாடி, தாங்களே கசற்றில் பதிந்து, கைமாறிக் கைமாறி எங்கள் வீடு வரை வந்த பாட்டுகள் மட்டும்தான். புதுக் கசற் கிடைக்காத காலம். பழையதை அழித்துத்தான் பதிவார்கள். ஒரு பாட்டு முடிந்ததும், அழியாமல் மிஞ்சிய கலியாண வீட்டிலிருந்து ஒருவர், "பாயாசம் இஞ்சால கொண்டு வாங்கோ!" என்று கத்துவார். எனக்கு அவரையும் பிடிக்கும்.

ஐந்தாம் இடம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் பதிந்த ஒரு உடுக்குப் பாட்டுக்கு. நடுவில் ஒரு குழந்தை வீரிட்டு அழ, உடுக்கடிப்பவர் அந்த அழுகைக்கும் ஒரு தாளம் கொடுப்பார். நாலாவது, ஒரு வாத்தியார் ஆர்மோனியத்தோடு பாடியது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை வேலை செய்யாது. அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் வாயாலேயே நிரப்பிவிடுவார். மூன்றாவது, குடியேற்றத் திட்டத்து நெல்வயலில் இரண்டு சகோதரிகள் பாடியது, பின்னால் தவளைகள். இரண்டாவது, அப்பாவின் கூட்டாளிகள் தப்பு அடித்துப் பாடிய தோட்டத்துக் காமன்கூத்துப் பாட்டு. உண்மையில் அதை முதலாவதாகப் போட ஆசைதான். சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள் என்று யாரும் சொல்லக் கூடாதென்று ஒரு படி இறக்கினேன்.

முதலாம் இடம் நாயாற்றுக் கரையிலிருந்து வந்த ஒரு பாட்டுக்கு. "பன்னிரண்டு வயதுக்கு மேற்படாத ஒரு சிறுமியின் குரல். வலைக்குள் துள்ளும் மீனைப் போன்ற தாளம்" என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியை நானே நாலு தடவை வாசித்தேன்.

போர்க்காலத் தடையால் பற்றரி வன்னிக்கு வராத நாட்கள் அவை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோப் பெட்டியும் கசற்றும் பாடும். எங்கள் வீட்டில் சுற்றுவது அப்பா. மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி, இங்கே காடு வெட்டிய கை. அதற்கு மெதுவாக ஓடத் தெரியாது. பெட்டியில் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் பாகம் எப்போதோ பழுதாகிவிட்டது என்பது எனக்குத் தெரியாது.

வகுப்பில் என் வாங்கில் பக்கத்தில் இருந்தவள் ஒருத்தி மட்டும் சஞ்சிகையை வாசித்துவிட்டுக் கேட்டாள்: "எடியே, நாயாற்றுப் பாட்டைப் பாடினது ஆம்பிளையெல்லே? எங்கட வீட்டில ஆம்பிளைக் குரலாத்தான் கேட்டது."

"உங்கட வீட்டில ஆர் சுத்துறது?"

"அண்ணன்."

"உன்ர கொண்ணன் சோம்பேறி. நித்திரையில சுத்தினா எல்லாரும் ஆம்பிளைதான்."

அவள் சஞ்சிகையை மூடி என்னிடம் தந்தாள். நான் வென்றுவிட்டேன்.

தமிழ் ரீச்சருக்கு என் பட்டியல் மிகவும் பிடித்துவிட்டது. வருட முடிவு விழாவில் அதை நான் வாசிக்க வேண்டும், முதற் பாட்டைப் பாடியவரை அழைத்துப் பரிசும் கொடுக்க வேண்டும் என்றார். நாயாற்றிலிருந்து கருவாடு கொண்டுவருபவரிடம் கடிதம் கொடுத்துவிட்டோம். சிறுமிக்காகச் சிவப்பு ரிப்பனும் ஒரு சோடி கண்ணாடி வளையலும் வாங்கி வைத்தோம். பாட்டை மேடையில் போட்டுக் காட்ட எங்கள் சைக்கிளும் பெட்டியும் வேண்டும். சுற்றுவதற்கு அப்பாவும் வேண்டும்.

அப்பா அதுவரை பள்ளிக்கூட வாசலுக்குள் வந்ததே இல்லை. சந்தியோடு என்னை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். படித்தவர்கள் இருக்கும் இடத்தில் தன்னால் எனக்கு ஒரு வெட்கம் வந்துவிடக் கூடாது என்று அவருக்குப் பயம். "நான் வந்து ஏதாச்சும் தப்பாச் செஞ்சிட்டா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சுத்துறதில என்னப்பா தப்பு வரப்போகுது?" என்றேன்.

விழா நாள் காலை, துவைத்த வெள்ளைச் சட்டையோடு மேடையில் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார். நான் பட்டியலை வாசித்தேன். கைதட்டினார்கள். "முதலாம் இடம் பெற்ற சிறுமியை மேடைக்கு அழைக்கிறேன்" என்றேன்.

முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்பது வயது இருக்கும். காதுவரை போன மீசை. தோளில் சால்வை.

"பிள்ளை, அது நான்தான்" என்றார்.

ஓலைக் கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. ரீச்சர் ரிப்பனையும் வளையலையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். என் வாங்குக்காரி கதிரையில் ஏறி நின்று சிரித்தாள். நான் விடவில்லை. "அப்பா, போடுங்க" என்றேன். அப்பா சுற்றினார். அதே சிறுமிதான் துள்ளித் துள்ளிப் பாடினாள்.

மீசைக்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அப்பாவின் அருகில் போய், "அண்ணை, ஒருக்கா ஆறுதலாச் சுத்துங்கோ" என்றார். அப்பா கையைத் தளர்த்தினார். சிறுமியின் குரல் இறங்கியது. இறங்கி, தடித்து, மீசைக்காரரின் குரலாகியது.

"இப்ப நான்" என்றார் அவர். கொட்டகையில் விசில் பறந்தது.

அப்பா சுற்றுவதை நிறுத்திவிட்டார். முகம் கறுத்துவிட்டது. "நாந்தாம்மா கெடுத்துட்டேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பியிருக்கலாம். எல்லோரும் அதை நம்பியிருப்பார்கள். ஆனால் வாங்குக்காரி சொன்னபோது கேட்காதது நான். அதோடு, மெதுவாக ஓடியபோது இன்னொன்றையும் கவனித்திருந்தேன்.

"அப்பாவில பிழை இல்லை" என்றேன் சபையைப் பார்த்து. "சிறுமி எண்டு எழுதினது என்ர பிழை. வாங்கில இருக்கிறவள் சொன்னவள், நான் கேக்கேல்லை. ஆனா இடத்தை மாத்த மாட்டன். ஐயா பாடின வேகத்தில இது மூன்றாம் இடம்தான் வரும். அப்பா சுத்தின வேகத்திலதான் முதலாம் இடம்."

ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். மீசைக்காரர் மீசையைத் தடவினார்.

"பிள்ளை சொல்லுறது சரி. நான் கொஞ்சம் இழுத்துத்தான் போட்டன்" என்றார். "அப்ப பரிசில பாதி அண்ணைக்கு."

ரீச்சர் எடுத்து நீட்டிய வளையலைத் தன் மகளுக்கென்று மடியில் கட்டிக்கொண்டார். ரிப்பனை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை என்ன செய்வதென்று தெரியாமல் சைக்கிள் ஹான்டிலில் கட்டினார். கைதட்டல் ஓய நேரமெடுத்தது. அன்று திரும்பிப் போகும்போது அப்பா ஒரு தரம் நின்று, என் வகுப்பறை எதுவென்று கேட்டு, உள்ளே போய் என் வாங்கில் உட்கார்ந்து பார்த்தார்.

அடுத்த வருடம் கருவாட்டுக்காரர் ஒரு கசற் கொண்டு வந்தார். நாயாற்றுப் பாட்டுக்காரர் அதே பாட்டைத் திரும்பப் பதிந்திருந்தார், இந்த முறை அப்பாவின் வேகத்திலேயே, குரலையும் உயர்த்தி. ஆசையாகப் போட்டோம். அப்பா சுற்றச் சுற்ற, பெட்டிக்குள்ளிருந்து ஒரு நுளம்பு 'ஙொய்' என்று பாடியது.

அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அப்பா என்னைப் பார்த்தார். பெடலை இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, யாரும் சொல்லாமலே, மெதுவாகச் சுற்றத் தொடங்கினார்.