விளக்கு அணைந்த பிறகு ஒரு படி

அப்துல் லத்தீப் சார் தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பது வருடம் மின்சாரப் பாடம் நடத்தியவர். நாற்பது வருடம் பீடி குடித்தவர். பேகம்பூரில் தோல் கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறார். மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டது, இனி விரியாது என்று மருத்துவர் சொன்னபின் அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வீட்டு நர்ஸாக வைத்தார்கள்.

போன மாதம் ஒரு பலகையில் தன் நெஞ்சை மின்சுற்றாகச் செய்து என்னிடம் காட்டினார்.

"தசைதான் பேட்டரி, அக்கா. சுருங்குன குழாய் ரெசிஸ்டர், ஓட்டத்த மட்டுப்படுத்தும். நுரையீரல் இந்த கெப்பாசிட்டர், காத்துக்குப் பதிலா மின்சாரத்தப் புடிச்சு வச்சுக்கும்."

பொத்தானை அழுத்தினால் கெப்பாசிட்டர் நிறையும். விட்டால் அதிலுள்ளது ரெசிஸ்டர், சின்ன விளக்கு வழியாக மெல்லக் கரையும். விளக்கு அணைவதற்குள் மறுபடி அழுத்தினால் பழையது மிச்சமிருக்கும், புதியதற்கு இடமிருக்காது. அவர் மூச்சிலும் அதுதான் கோளாறு. விடும் காற்று வெளியே போக நேரம் ஆகிறது. அதற்குள் அடுத்ததை இழுத்துத் திணறுவார். உதட்டைக் குவித்து மெல்ல ஊதுங்கள் என்று நான் ஆறு மாதமாகச் சொன்னது அந்த விளக்கு சொன்ன பிறகே அவருக்குப் புரிந்தது.

"பொண்டாட்டி பேச்சத்தான் கேக்க மாட்டீங்க, பல்பு பேச்சாச்சும் கேக்குறீங்களே," என்றார் அவர் மனைவி கமர்ஜஹான்.

சாருக்கு ஒரே ஆசை. பதினாறு படி இறங்கி, தெருக்கோடிப் பள்ளிவாசலில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு, தன் காலால் ஏறி வர வேண்டும். வேண்டாம் என்றேன்.

"கணக்குப் போட்டாச்சுக்கா. ஒரு படி, ஒரு மூச்சு. வெளக்கு அணைஞ்சாத்தான் அடுத்த படி."

வெள்ளிக்கிழமை கமர்ஜஹான் பலகையை ஏந்தி முன்னால் இறங்கினார். அழுத்துவார், விடுவார், அணைந்ததும் "ம்" என்பார். சார் ஒரு படி இறங்குவார். இறங்கியதில் சிரமமில்லை. பள்ளிவாசலில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார்.

திரும்பி ஏறும்போது ஏழாவது படியில் நின்றுவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"வெளக்கு அணைஞ்சிருச்சுங்க, ஏறுங்க," என்றார் கமர்ஜஹான். பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத விடுங்கம்மா! ஆளப் பாருங்க!" என்றேன்.

சாரைப் படியிலேயே உட்காரவைத்து, முன்னால் குனியவைத்து, முழங்கையை முட்டியில் ஊன்றவைத்தேன். ஊதச் சொன்னேன். அவ்வளவுதான் என்னால் முடியும். கீழே தோல் கடை நாசரும் இன்னொருவரும் ஒரு நாற்காலி கொண்டுவந்து, அதில் அவரை உட்காரவைத்து மேலே தூக்கிப்போனார்கள். சுமக்கிறவர்களைப் பார்க்காமல் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

பேச்சு வர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"பலகையில தப்பில்லக்கா. உக்காந்திருக்குறவன் மூச்ச வச்சுச் செஞ்சுட்டேன். ஏறுறவனுக்குப் பொறுமை ஏது? இழுப்பு தானா முந்துது. குழாயும் அன்னைக்கி இருந்த மாதிரி இல்ல, இன்னும் சுருங்கிருச்சு."

மறுநாள் டப்பாவிலிருந்து பெரிய ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து மாட்டச் சொன்னார். கமர்ஜஹான் மாட்டி, பொத்தானை அழுத்தி விட்டார். விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கையால் மறைத்துப் பார்த்தால் லேசான சிவப்பு, அணையாமல் இருந்தது.

"இதுல சின்னது மாத்துனாச் சரியாயிருமாங்க?" என்றார் கமர்ஜஹான்.

"பலகைக்குச் சரியாயிரும்."

அடுத்த வெள்ளி தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது நாற்காலியைப் பள்ளிவாசல் பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பிவிட்டு, கால் தொங்காதபடி அடியில் தலையணை வைத்தேன்.