உளிச்சத்தமும் ஆறு நத்தைகளும்

எழுபதுகளின் நடுவில் காரைக்குடிக் கல்லூரியில் விலங்கியல் கடைசி வருஷம் படித்தேன். மேற்படிப்புக்கு மதுரை போயே ஆகணும் என்று எனக்கு ஒரே வெறி. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் கேட்பேன். "பாப்பம்த்தா" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்வார்.

அப்பாவுக்கு மரவேலை. வீட்டு முன்கட்டுதான் பட்டறை. விடிந்ததிலிருந்து உளியின் தலையில் டொக் டொக் என்று அடி விழுந்துகொண்டே இருக்கும்.

கல்லூரியில் ஆளுக்கொரு சோதனை செய்துகாட்டச் சொன்னார்கள். நான் நத்தையை எடுத்தேன். மேசையைத் தட்டினால் நத்தை கொம்பை உள்ளே இழுக்கும். தட்டிக்கொண்டே இருந்தால், 'அட போ' என்று நீட்டியபடியே கிடக்கும். களைப்பில்லை அது. ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்ல, நடுவிலுள்ள இடுக்கில் துளி ரசாயனத்தை விடும். தீங்கில்லாத அதே சேதி திரும்பத் திரும்ப வந்தால் விடுகிற அளவு குறைந்துபோகும். கற்றுக்கொள்வது என்பது அந்த இடுக்கில் நடக்கிற காரியம்! புல்லரித்துப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

"நத்தை படிக்கிறது இருக்கட்டும், அடுப்புல பால் பொங்குது பாருடி" என்றாள்.

கண்மாயில் ஆறு நத்தை பிடித்து, மண்சட்டியில் தண்ணீர் விட்டு, நிழலாக இருக்கட்டுமே என்று அப்பாவின் வேலைப்பலகைக்கு அடியில் வைத்துப் பத்து நாள் வளர்த்தேன். அங்கேதான் கெட்டது குடி.

சோதனையன்று வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் முன்னால் சட்டியை மேசைமேல் வைத்து, மேசையைத் தட்டினேன். ஒரு நத்தையும் அசரவில்லை. ஓங்கித் தட்டினேன். ம்ஹூம்.

"செத்துப்போச்சாம்மா?"

"நல்லா ஊருது பாருங்க சார்."

தோழிகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. அடப்பாவிகளா, பத்து நாளில் எங்கள் பட்டறையிலேயே பாடத்தை முடித்துவிட்டீர்களா!

உளிச்சத்தத்துக்கு அவை பழகிப்போன விஷயத்தைச் சொன்னேன். "அப்படின்னா நிரூபி" என்றார் அவர். வலி கண்டால், பழகிப்போன சத்தத்துக்கும் நத்தை மறுபடி மிரளும்; களைத்துப்போனது மிரளாது. தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி, ஒரு நத்தையை மட்டும் நறுக்கென்று குத்தினேன். பயந்து சுருண்டது. மறுபடி கொம்பு நீட்டும்வரை காத்திருந்து மேசையைத் தட்டினேன். குத்து வாங்கியது மட்டும் சட்டென்று கொம்பை இழுத்தது. மற்ற ஐந்தும் கண்டுகொள்ளவே இல்லை. "பலே" என்றார்.

துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அதே டொக் டொக். பக்கத்திலேயே அம்மா குறட்டை விட்டுத் தூங்குகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஒரே மாதிரி கேட்கிற எதுவும் இந்த வீட்டில் யார் காதிலும் விழாது. என் மதுரையும்தான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது நான் வாயே திறக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ரசத்தை ஊற்றப் போன அப்பா பாதியில் கையை நிறுத்தினார்.

"ஏத்தா, மதுரைப் பேச்சையே காணோம். உடம்புக்கு என்ன?"

"கேட்டா மட்டும் அனுப்பவா போறீக?"

என் முகத்தையே பார்த்தார். ரசக்கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"என்னைக்குத்தா கிளம்பணும்?" என்றார்.

அத்தனை நாளில் மதுரைக்குப் போவதைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. சோற்றுக் கையோடு ஓவென்று அழுதேன்.