வைக்கோலை அறுத்து விதைத்த வருடம்

மணலிக்கு வடக்கே ஒன்றரை ஏக்கர் நிலம் குத்தகைக்கு வைத்திருந்தோம். வீடு திருவொற்றியூரில். என் வீட்டுக்காரருக்குத் தண்டையார்பேட்டையில் வெல்டிங் பட்டறையில் வேலை. நிலம் என் பொறுப்பு. விடிந்ததும் பஸ் பிடித்துப் போவேன்.

நிலத்துக்கு ஒரு பக்கம் எண்ணெய் டேங்குகள். மறுபக்கம் கண்டெய்னர் யார்டு. யார்டு வருடத்துக்கு ஒரு வயலாக எங்கள் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. மண் லாரி வந்து கொட்டிவிட்டுப் போகும். மறு மாதம் அங்கே பெட்டிகள் நிற்கும்.

மழைத் தண்ணீரில் சம்பா நெல் ஒன்றுதான் எங்களுக்கு. தையில் அறுப்பு முடிந்தால் நிலம் சும்மா கிடக்கும். போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது. குடிக்கவும் ஆகாது, பயிருக்கும் ஆகாது.

அந்த வருடம் அறுப்பு முடிந்த கையோடு நிலத்துக்காரர் வந்தார். ராயபுரத்தில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடித்து அப்படியே வந்திருந்தார். யார்டுக்காரர்கள் கேட்கிறார்கள் என்றார். பாதி வருடம் காலியாகக் கிடக்கும் நிலத்தை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று மகன்களும் கேட்கிறார்களாம். வரப்பிலேயே நின்று சொன்னார்.

"ஈஸ்டருக்கு முன்னாடி வர்றேம்மா. பயிரு நின்னா கை வைக்க மாட்டேன். காலியா கெடந்தா யார்டுக்குக் குடுத்துடுவேன். அப்பால என்னைக் கேக்கக் கூடாது."

சரி என்றேன்.

தண்ணீர் இல்லாமல் பயிர் வைக்க ஒரு வழிதான் உண்டு. நெல் அறுத்த ஈரத்திலேயே விதைக்க வேண்டும். உழக்கூடாது. முந்தின வருடம் உழுது எள் போட்டுப் பார்த்திருந்தேன். உழுத மண் காய்ந்து, மேலே உப்பு வெள்ளையாகப் பூத்தது. எள் வரவில்லை. இந்த முறை உழாமல் கம்பு போடுவது என்று முடிவு செய்தேன். வைக்கோல் மேலே கிடந்தால் மண் காயாது. கையை விட்டுப் பார்த்திருக்கிறேன். வைக்கோலுக்குக் கீழே மண் குளிர்ந்து கிடக்கும். வைக்கோல் இல்லாத இடம் பாளம் பாளமாக வெடித்திருக்கும்.

அந்த வைக்கோல்தான் தொல்லையும். அறுப்பு மிஷின் நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலைப் பின்னால் நீள நீளமாகக் குவித்துவிட்டுப் போகும். வேறு ஊராக இருந்தால் கொளுத்திவிடுவார்கள். இங்கே முடியாது. பக்கத்து வயல்காரர் ஒருமுறை கொளுத்தினார். டேங்கு காவலாளிகள் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார்கள். பின்னாலேயே தீயணைப்பு வண்டி வந்தது. அதிலிருந்து வயலில் பீடி பற்றவைக்கக்கூட ஆட்கள் பயந்தார்கள். மாட்டுக் கொட்டகைக்கு விற்றுவிடு என்று சிலர் சொன்னார்கள். விற்றால் மண் காயும். நான் விற்கவில்லை.

வைக்கோலை அறுத்து, மண்ணைக் கீறி, அந்தக் கீறலில் விதையை விட ஒரு கருவி வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பட்டறையில் மிஞ்சிக் கிடந்த கப்பல் தகட்டில் இரண்டு வட்டம் வெட்டி, ஓரத்தைத் தீட்டினார். வட்டம் முன்னால் உருண்டு வைக்கோலை அறுக்கும். ஒவ்வொரு வட்டத்தின் பின்னாலும் ஒரு இரும்புக் கொம்பு மண்ணைக் கீறும். அதன் பின்னால் குழாய். குழாயின் மேல் புனல். நான் நடந்துகொண்டே இரண்டு கையாலும் இரண்டு புனலிலும் விதை விட வேண்டும். கடைசியில் ஒரு துண்டுச் சங்கிலி இழுபட்டு மண்ணை மூடும்.

இழுக்க என் அண்ணனின் மாடுகள். பாரிமுனையிலிருந்து தண்டையார்பேட்டைக்கு இரும்புக் கம்பி ஏற்றும் வண்டி மாடுகள். தார் ரோட்டைத் தவிர வேறெதையும் மிதித்ததில்லை. வயலில் இறங்கியதும் வைக்கோலைப் பார்த்தன. தலையைக் குனிந்தன. அவ்வளவுதான், நகரவில்லை.

வீட்டுக்காரர் பின்னாலிருந்து தட்டிப் பார்த்தார்.

"இன்னா மச்சான், சோத்து மேல நடன்ற. அது எப்பிடி நடக்கும்?" என்றான் அண்ணன்.

"வாயக் கட்டு," என்றார் வீட்டுக்காரர்.

"யாருக்கு? மாட்டுக்கா, எனக்கா?"

வெங்காய மூட்டை வலையைக் கிழித்து மாடுகளுக்கு வாய்க்கூடை கட்டினோம். பிறகு நடந்தன.

அண்ணனுக்குக் காலையில் குடோனில் லோடு ஏற்ற வேண்டும். வீட்டுக்காரருக்குப் பட்டறை திறக்கும் நேரத்துக்குப் போக வேண்டும். அதனால் விடிந்தும் விடியாமல் ஓட்டினோம். பனி சொட்டச் சொட்ட நனைந்த வைக்கோல். குவியல் வந்த இடத்தில் வட்டம் ஏறி ஏறி இறங்கியது. வெயிட்டு பத்தவில்லை என்றார் வீட்டுக்காரர். பட்டறையில் எதையும் அமுக்கித்தான் வெட்டுவார்கள். நங்கூரச் சங்கிலியின் வளையங்களைக் கொண்டுவந்து சட்டத்தில் மாட்டினார். வட்டம் அமுங்கியது. எங்களுக்குத் திருப்தி. நாலைந்து காலையிலேயே வயல் முழுக்க முடித்துவிட்டோம்.

முளை வர வேண்டிய நாள் போயிற்று. வரப்போரத்தில் வைக்கோல் மெல்லிசாகக் கிடந்த இடத்தில் மட்டும் பச்சை தெரிந்தது. மற்றதெல்லாம் வைக்கோல்தான். யார்டில் கிரேன் பெட்டி தூக்கும் சத்தம் அன்று அதிகமாகக் கேட்டது.

உட்கார்ந்து கீறலை விரலால் பிரித்தேன். வைக்கோல் அறுபடவில்லை. நனைந்த துணி போல மடிந்து கீறலுக்குள் போயிருந்தது. மடிப்பின் மேல் கம்பு விதை, பாயில் படுத்த மாதிரி. மண்ணைத் தொடவே இல்லை. எறும்பு இழுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு இடம் பிரித்தேன். அங்கும் அதே.

ஆனால் அடியில் மண் ஈரமாக இருந்தது. கையில் பிடித்தால் உருண்டை நின்றது. இன்னும் ஒரு முறை விதைக்கலாம். அதற்கு மேல் நாள் இல்லை.

வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தேன். உச்சிப் பொழுதில் ஒரு பிடி வைக்கோலை எடுத்து முறித்தேன். படக்கென்று ஒடிந்தது.

அன்று சாயங்காலம் இருவரிடமும் சொன்னேன். காலையில் ஓட்டினால் ஆகாது. பனி காய்ந்து, வைக்கோல் மொறுமொறுவென்று ஆன பிறகு ஓட்ட வேண்டும். வெயிட்டைக் கழற்ற வேண்டும். வட்டத்தை இன்னும் மெல்லிசாகத் தீட்ட வேண்டும்.

"வெயிட்டக் கழட்னா மேலயே ஓடும்மே," என்றார் வீட்டுக்காரர்.

"அமுக்கறதுக்கு இல்ல. அறுக்கறதுக்கு. அமுக்குனா உள்ள போயி மடங்கிக்குது."

அவர் கருவியருகே உட்கார்ந்தார். பிறகு வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே போட்டார்.

அண்ணன் தலையைச் சொறிந்தான். "மத்தியானம்னா என் லோடு போச்சு. பட்டறையும் போச்சு. ஒரே பேஜாரு."

நான் அவன் முகத்தையே பார்த்தேன்.

"இன்னா அப்பிடிப் பாக்கற? வரலன்னா சொன்னேன்? வர்றேன். மாட்டுக்கும் வைக்கோலு கொஞ்சம் வுட்டுவை."

அதற்கு முன் எனக்கு ஒரு வேலை இருந்தது. குவியல்களைக் கலைக்க வேண்டும். மூன்று முனைக் கவையால் அள்ளி அள்ளி உதறினேன். குவிந்த இடத்திலிருந்து எடுத்து வெடித்த இடத்தில் போட்டேன். எங்கும் ஒரே மாதிரி, மண் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமல் இருக்க வேண்டும். தோள் வீங்கியது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாளும் போனேன்.

பிறகு மூவரும் உச்சி வெயிலில் ஓட்டினோம். வட்டம் போகும்போது சத்தமே வேறாக இருந்தது. முன்பு சத்தமில்லாமல் போனது. இப்போது அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம். நான் இடையில் நிறுத்தச் சொல்லிக் கீறலைப் பிரித்துப் பார்த்தேன். விதை மண்ணில் இருந்தது. ஓட்டு என்றேன்.

முளைத்தது. எல்லா இடத்திலும் இல்லை. யார்டின் ஓரம் ஒரு பட்டை உப்பு, அங்கே எதுவும் வரவில்லை. மற்ற இடத்தில் வைக்கோலைத் துளைத்துக்கொண்டு, கீறின சால் வரிசையில் வந்தது. தண்ணீர் விடவில்லை. விடத் தண்ணீரும் இல்லை.

குருத்தோலை ஞாயிறு முடிந்த வாரம் நிலத்துக்காரர் காரில் வந்தார். கூட யார்டு ஆள் ஒருவர். கம்பு இடுப்பளவு நின்றது. கதிர் தலைகாட்டியிருந்தது. யார்டு ஆள் உப்புப் பட்டையைக் காட்டி, இங்கே காலிதானே என்றார். நிலத்துக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினார். குனிந்து வைக்கோலை விலக்கி, மண்ணில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

ஏறி வந்து யார்டு ஆளிடம் சொன்னார். "பயிரு நிக்குது சார். நான் சொன்னா சொன்னதுதான்."

என் பக்கம் திரும்பினார். "அடுத்த வருசமும் இதேதாம்மா."

"வாங்க," என்றேன்.

அடுத்த தையில் அறுப்பு மிஷின் வந்தபோது வரப்பில் காத்திருந்தேன். கையில் வீட்டுக்காரர் செய்த தகடு. மிஷினில் வைக்கோல் விழும் வாயில் மாட்டினால் வைக்கோல் குவியாமல் இரண்டு பக்கமும் சிதறும். ஓட்டுநர் மிஷினை நிறுத்தி, எந்த ஊரிலும் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார்.

இந்த வயலில் கேட்கிறேன் என்று சொல்லி, தகட்டை அவர் கையில் கொடுத்தேன்.