அத்தான் காருக்கு மாட்டிய சுவிட்ச்

பட்டாசுக் கம்பெனி வாசலில் அத்தான் தன் காரைத் தூங்க வைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இஞ்சினை அணைப்பார். இறங்கி பானெட்டைத் தூக்குவார். பேட்டரிக்குப் பின்னால், ரெக்சின் துண்டுக்கு அடியில், சின்னதாக ஒரு சுவிட்ச். அதன் சிவப்புச் சாவியைத் திருகி உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அந்த நொடியோடு வண்டியில் மின்சாரம் செத்துவிடும். கதவைத் திறந்தால்கூட விளக்கு எரியாது. செல்போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, லேபிள் கட்டை இடது கையில் அணைத்தபடி உள்ளே நடப்பார்.

"மொதலாளி, வண்டிக்குத் தாலாட்டுப் பாடியாச்சா?" என்பார் நாரணாபுரத்து வாட்ச்மேன்.

"ஒம்ம மாதிரியா? அது உண்மையிலே தூங்குதுய்யா" என்பார் அத்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். சிவகாசியில் சின்னதாக ஓர் அச்சகம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்துக் கொடுக்கிறார். சீசன் நெருங்கினால் நாரணாபுரம், தாயில்பட்டி என்று ஓடிக்கொண்டே இருப்பார். ஓட்டம் என்றால் தானே ஓட்டுகிற ஓட்டம். சில வருடங்களாக வலது தோள் இறுகிக் கிடக்கிறது. கை காதுக்கு மேலே எழும்பாது. பழைய வண்டியின் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட முடியாமல்தான் இந்தப் புதுக் காரை வாங்கினார். மோட்டார் வைத்த ஸ்டியரிங், ஒற்றை விரலுக்கு வளைந்து கொடுக்கும். வாங்கிய வாரம் எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு, காலி மைதானத்தில் வட்டம் வட்டமாகச் சுற்றிக் காட்டினார். கரிசல் புழுதி எழும்ப எழும்ப, கல்யாணத்துக்கு முன்னால் இருந்த முகம் அவருக்குத் திரும்பியது.

சுவிட்ச் அவருடைய சொந்த யோசனை. பட்டாசு லோடு ஏற்றும் லாரிகளில் அது இருக்கும்; வண்டி நின்றதும் பொறி எதுவும் வராதபடி பேட்டரியைத் துண்டித்துவிடுவார்கள். மத்தியான வெயிலில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால், கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எந்தத் திசையில் புகை என்று பார்க்கிற ஊர் எங்களுடையது. அந்தச் சத்தங்களைக் கேட்டு வளர்ந்தவருக்கு, கம்பெனி கேட்டருகே உயிருள்ள பேட்டரியோடு காரை விட்டுப்போக மனசு வரவில்லை.

சுவிட்ச் மாட்ட, லாரிகள் நிற்கும் செட்டில் இருக்கிற எலக்ட்ரீசியனிடம் போனபோது நானும் கூட இருந்தேன்.

"அண்ணாச்சி, லாரிக்குப் போடுறதையே போடுவோம். பெருசு, ஆனா நின்னு பேசும்" என்றார் அவர்.

"பெருசு வச்சா சர்வீஸ்ல கண்ணுல பட்டுரும்யா. வெளிய குடுத்துக் கை வச்சுட்டீகன்னு சொல்லி வாரண்டியத் தூக்கிருவாக. ஒளிச்சு வைக்கிற மாதிரி பொடிசா ஒண்ணு போடும்."

"பொடிசு பைக்குக்குத்தான் தாங்கும்..."

"நீரு போடும்யா, எல்லாம் தாங்கும்."

தாங்கியது, கொஞ்ச காலம். பிறகு ஒருநாள் காலை தாயில்பட்டி வளைவில் ஸ்டியரிங் திடீரென்று கல்லாகிவிட்டது. முன்பலகையில் மஞ்சள் விளக்கு. அத்தான் பல்லைக் கடித்துத் திருப்பப் பார்த்தார், தோள் விடவில்லை. பக்கத்தில் இருந்த நான் எட்டிப் பிடித்து இழுக்க, கார் ஓடையோரத்துக் கருவேலஞ்செடிகளை உரசிக்கொண்டு நின்றது.

வெளியே ஒரு ஆட்டு மந்தை கடந்து போனது.

"மோட்டாரு போயிருச்சு மாப்ள" என்றார் அத்தான். "வாரண்டில மாத்திக் குடுத்தாகன்னா பொழச்சேன். சுவிட்சப் பாத்துட்டாகன்னா முடியாதுன்னுருவாக. இந்தத் தோள வச்சுக்கிட்டு அப்புறம் நான் எங்கன வண்டி ஓட்ட? ஒங்க அக்கா சொல்ற மாதிரி வீட்டுல ஒக்காந்து டிவி பாக்க வேண்டியதுதான்."

வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தார். குரல் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

விருதுநகர் சர்வீஸ் சென்டருக்கு நான் ஓட்டினேன். மரத்துப்போன ஸ்டியரிங்கோடு அத்தனை தூரம் போனதில் என் கைகளும் மரத்துவிட்டன. உள்ளே நுழையும் முன் அத்தான் நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய், ரெக்சினுக்கு மேலே வண்டி துடைக்கிற மஞ்சள் துணியையும் போட்டு மூடிவிட்டு வந்தார். நான் சிரிக்கவில்லை. அந்தத் துணியின் ஓரங்களை அவர் திரும்பத் திரும்ப இழுத்துச் சரிசெய்ததைப் பார்த்திருந்தேன்.

அங்கே வருகிற வண்டிகளின் குறையைப் பார்த்து எழுதிக்கொள்கிறவள் ஆலங்குளத்துப் பெண். அப்பா சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவராம். மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டு அவளே பானெட்டுக்குள் குனிந்தாள்.

"அண்ணாச்சி, மஞ்சத்துணி போத்திக்கிட்டு யாரு படுத்திருக்கா?"

அத்தானுக்கு முகம் கறுத்தது. ஒளிக்க இனி ஒன்றுமில்லை. பட்டாசுக் கம்பெனி வாசல், லாரி, பயம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும், "வாரண்டி போச்சாம்மா?" என்று கேட்டார்.

"முழுசும் எப்படிப் போகும்? இஞ்சினு, கியரு, ஏசி எல்லாம் அப்படியே இருக்கு. நீங்க கை வச்ச எடத்தாலே கெட்டது மட்டுந்தான் கெடையாது. இந்த சுவிட்சாலே மோட்டாரு கெட்டிருந்தா தர மாட்டாக. அதுவா கெட்டிருந்தா நான் எழுதி அனுப்புறேன். மொதல்ல என்னன்னு பாப்போம், பதறாதீக."

மெக்கானிக் சுவிட்சை விலக்கிவிட்டு, வேறொரு தடித்த வயரால் பேட்டரியை நேராக இணைத்தார். இஞ்சின் எழுந்தது. மஞ்சள் விளக்கு அணைந்தது. அத்தானை உட்காரச் சொன்னார்கள். அவர் இடது கையால் மெல்லத் தொட்டார். ஸ்டியரிங் சுழன்றது, தண்ணீரில் இலை திரும்புகிற மாதிரி.

"மோட்டாரு நல்லாருக்கு. சுவிட்சுதான் கரண்ட விடாம அமுக்கிருக்கு" என்றாள் அவள்.

நான் பெருமூச்சு விட்டேன். அத்தான் காரிலிருந்து இறங்கவே இல்லை; ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்களை மூடிக்கொண்டார்.

அதற்குள் மெக்கானிக் சுவிட்சைப் பிரித்துவிட்டார். உள்ளே செம்பு கரியாகியிருந்தது. ஒரு ஓரம் உருகி வழிந்து இறுகியிருந்தது.

"சின்ன சுவிட்சு, லூஸ் காண்டாக்ட் வேற" என்றார். "திருகுன போதெல்லாம் உள்ள பொறி அடிச்சிருக்குங்க."

அத்தான் இறங்கி வந்தார். அந்தக் கரியை விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். பொறி வரக்கூடாதென்று மாட்டிய சுவிட்சே கம்பெனி வாசலில் நின்று பொறி விட்டிருக்கிறது, அவர் கையாலேயே. வாரண்டி என்ற சொல்லுக்குப் பயந்து பொடிசாக வாங்கிய பொறி.

"நல்லவேள, கேட்டுக்கு வெளியதான நிப்பாட்டுவீக" என்றாள் அந்தப் பெண். அதட்டவில்லை, பாடம் நடத்தவும் இல்லை. "சுவிட்சுக்காக வெட்டுன வயரு மட்டும் ஒங்க செலவு அண்ணாச்சி. மாத்திருவோம். அப்புறம் ஆசை தீர ஓட்டுங்க."

"சுவிட்சு வேண்டாம்மா" என்றார் அத்தான். "பெருசும் வேண்டாம்."

அடுத்த நாள் அவர்தான் ஓட்டினார். நாரணாபுரத்துக் கம்பெனி கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே, ரோட்டோரம் ஒரு மூடிக் கிடந்த டீக்கடை முன்னால் நிறுத்திவிட்டார். லேபிள் கட்டுகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தோம்.

வாட்ச்மேன் கையை ஆட்டினார். "ஏன் அங்கனயே விட்டுட்டீக? எடம் கெடக்குல்ல?"

அத்தான் அருகில் போய் நின்று, மூச்சு வாங்கியபடியே எல்லாவற்றையும் சொன்னார். கரியை, பொறியை, தன் கையை. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

வாட்ச்மேன் கார் வழக்கமாக நிற்கிற காலி இடத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே, பெண்கள் பேச்சுக் குரல் கேட்கிற பக்கம் பார்த்தார். அங்கேதான் அவர் மருமகளும் வேலை செய்கிறாள்.

பிறகு தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை நிழலுக்கு இழுத்துப் போட்டு, "ஒக்காருங்க மொதலாளி, வேர்த்து ஊத்துது" என்றார்.

அத்தான் உட்காரவில்லை. "இனிமே அங்கனயேதான் விடுவேன்" என்றார். "இம்புட்டுத் தூரம் நடக்க எனக்குத் தோளா வேணும்?"