அழகர்சாமியின் வலது காலும் எங்கள் பட்டறை விளக்குகளும்

மோட்டார் சைக்கிளுக்குக் கூடுதல் விளக்கும் பம்பரும் மாட்டுகிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: மாட்டியது உதவுமா என்பது, வாங்கினவர் விழுந்தால்தான் தெரியும்.

தையற்காரர் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். செருப்புக்காரர் நாலடி நடந்து பார்க்கச் சொல்லலாம். எங்கே, ஒரு தடவை விழுந்து காட்டுங்கள் என்று நாங்கள் யாரிடம் சொல்வது? ஐம்பதுகளின் நடுவிலிருந்து அறுபதுகள் முடியும் மட்டும் விருதுநகரில், சிவகாசி ரோட்டை ஒட்டிய ஒரு பட்டறையில் பைப்பு வளைக்கிற வேலையும் வெல்டிங் வேலையும் பார்த்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பேச்சு அதைவிடக் கம்மி. வாடிக்கைக்காரர்களிடம் பேசுவது முதலாளி, அளவெடுப்பது நான். எத்தனை பம்பர் வெளியே போயிற்று, எத்தனை வளைந்து திரும்பி வந்தது என்று கணக்கு வைத்துக்கொள்வது என் குணம். வளைந்து வந்ததையெல்லாம் பின்சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தேன். இரண்டு சக்கர வண்டியிலிருந்து ஒரு தரமாவது விழுந்து எழுந்து, யாரும் பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் சொந்தக் கதை மாதிரித்தான் இருக்கும்.

ஒரு காலுக்கு ஆர்டர்

அழகர்சாமி சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் ஒரு கம்பெனிக்கு ஆர்டர் பிடித்துக் கொடுப்பவர். வீடு விருதுநகரில். காலையில் கிளம்பினால் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசுக் கம்பெனி என்று ஏறி இறங்கிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்புவார். ஒரு நாள் ஆமத்தூர்ப் பக்கம் நாய் குறுக்கே வந்து வண்டி சாய்ந்தது. அதன் பாரம் முழுவதும் அவருடைய வலது காலின் மேல் இறங்கிவிட்டது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு எலும்பைச் சேர்த்தார்கள். ஆனால் அதே இடத்தில் இன்னொரு தரம் முறிந்தால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸை நம்பி ஊர் ஊராக ஆர்டர் பிடிக்க முடியாது. வண்டியை விட்டால் வேலையை விட வேண்டும்.

கட்டுப் பிரித்த கையோடு மனைவி சுப்புலட்சுமியையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். முதலாளி பம்பரின் பெருமையைச் சொல்லச் சொல்ல, அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். பிறகு முதலாளியைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"வண்டி எக்கேடு கெட்டாலும் கெடட்டும் அண்ணாச்சி. இவுக காலு ரெண்டும் வீடு வந்து சேரணும்."

மூன்றாவது மாடு

பம்பர் என்பது எஞ்சினுக்கு முன்னால் இரண்டு பக்கமும் நீண்டு, வண்டி சாய்ந்தால் காலுக்குப் பதில் தரையில் படுகிற இரும்புப் பைப்பு. பைப்பை வெறுமனே வளைத்தால் வளைகிற இடத்தில் நசுங்கிப் போகும். அதனால் உள்ளே காய்ந்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து, பழுக்கக் காய்ச்சி வளைப்போம். அழகர்சாமியை வண்டியில் உட்காரவைத்து, பாதத்துக்கு வெளியே நாலு விரற்கடை இருக்கும்படி அளவெடுத்தேன். சுப்புலட்சுமி அம்மாவுக்கு அது போதவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று என் கையைத் தள்ளிக்கொண்டே போனார். முதலாளி எனக்குக் கண்ணைக் காட்டினார். பக்கத்துக்கு ஒரு சாண் போல நீட்டி அடித்தேன். முன்னாலிருந்து பார்த்தால் வண்டி இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சண்டைக்கு நிற்கிற மாதிரி இருந்தது.

அந்த வாரமே அழகர்சாமி மல்லாங்கிணற்றுச் சந்தைப் பக்கம் பருத்திப் பொதி ஏற்றிய மாட்டுவண்டியை ஒட்டிப் போயிருக்கிறார். பொதி கட்டிய கயிறு பம்பரில் மாட்டிக்கொண்டது. மாடுகள் நிற்கவில்லை. இவர் எஞ்சினை அணைத்துவிட்டு, விழாமல் இருப்பதற்காக இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே கூடப் போயிருக்கிறார். வண்டிக்காரர் ஒரு வழியாகத் திரும்பிப் பார்த்து மாட்டை நிறுத்தினார். கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சொன்னாராம்:

"எனக்கு ரெண்டு மாடே போதும் அண்ணாச்சி. நீங்க எதுக்கு மூணாவதா பூட்டிக்கிட்டு வாறீக?"

மறுநாள் பம்பரை வெட்டி, நான் முதலில் எடுத்த அளவுக்குக் கொண்டுவந்தோம்.

மின்மினியும் சூரியனும்

அடுத்தது விளக்கு. வண்டியோடு வந்த பெரிய விளக்கு ஹேண்டில் நடுவில் இருந்தது. அது போதாது என்று பம்பரின் மேல் இரண்டு சின்ன விளக்குகளைப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினோம். முதலாளி மதுரையிலிருந்து தருவித்த சரக்கு, பார்வைக்கு எடுப்பாக இருக்கும். அந்தக் காலத்து வண்டிக்கு ஆறு வோல்ட் பேட்டரிதான். எஞ்சின் வேகமாக ஓடினால் டைனமோவும் வேகமாகச் சுற்றும், வெளிச்சம் பளிச்சென்று வரும். வேகத்தைக் குறைத்தால் வெளிச்சமும் குறையும். ஒரு விளக்குக்கே இந்தக் கதி, மூன்று விளக்குக்குக் கேட்க வேண்டாம். பள்ளம், திருப்பம், ஊருக்குள் நுழைகிற இடம் என்று எங்கெல்லாம் மெதுவாகப் போக வேண்டுமோ அங்கெல்லாம் இருட்டாகிவிடும்.

இதில் தப்பிக்க எல்லாரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெரிய விளக்கை அணைத்துவிட்டு, புதிதாக வாங்கிய சின்ன விளக்குகள் இரண்டையும் மட்டும் எரியவிட்டுப் போவார்கள். காசு கொடுத்து வாங்கியதை எரியாமல் வைத்திருக்க யாருக்கு மனசு வரும்? அழகர்சாமியும் அப்படித்தான் செய்தார். ஆனால் அதற்கு முன்னால் பட்டறைக்கு வந்து எங்கள் முதலாளியிடம் தன் குறையைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"ஓடினா சூரியன், நின்னா மின்மினி. நான் எங்கிட்டாவது நிக்கணுமா வேண்டாமாண்ணே?"

கயிறு சுற்றிய இரும்பு

விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் வாசலில் ஒரு காவல்காரர் இருந்தார். உள்ளே போகிறவர்களின் மடியைத் தடவி, பீடி தீப்பெட்டியை வாங்கித் தன் காவல் குடிசைக் கூரையில் செருகிவைத்துவிட்டுத்தான் விடுவார். மோட்டார் சைக்கிளை நூறடி தள்ளி வேப்பமரத்தடியில் நிறுத்த வேண்டும். தீபாவளிச் சீசன், லோடு ஏறுகிற நேரம். அழகர்சாமி அவசரத்தில் வண்டியைத் திருப்பும்போது பம்பர் அங்கிருந்த கருங்கல்லில் உரசி ஒரு பொறி பறந்துவிட்டது. அன்றைக்கு அவரை உள்ளேயே விடவில்லை. அடுத்த தடவை வந்தால் இரும்பு தெரியக் கூடாது என்று உத்தரவு.

ஆகவே பம்பர் முழுக்கத் தேங்காய்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிக் கொடுத்தேன். கிணற்று உருளை மாதிரி இருக்கிறது என்று கம்பெனியில் கேலி செய்தார்களாம். இம்புட்டுப் பயமா என்று அழகர்சாமி அந்தக் காவல்காரரைக் கேட்டிருக்கிறார். கூரையில் செருகியிருந்த தீப்பெட்டிகளைக் காட்டி அவர் சொன்ன பதில் இது:

"எங்க சரக்கு எங்கன வெடிக்கணுமோ அங்கன வெடிக்கட்டும். உங்க பம்பரு அதுக்கு முந்திக்கிடக் கூடாது."

காரென்று நினைத்த கருப்பையா

நான் பயந்துகொண்டிருந்த நாள் வந்தது. ராத்திரி ஒன்பது மணி இருக்கும், அவசர வேலை ஒன்றை முடித்துப் பட்டறையை எடுத்து வைக்கிற நேரம். ஒரு மாட்டுவண்டி வாசலில் வந்து நின்றது. வண்டிக்குள் அழகர்சாமியின் மோட்டார் சைக்கிள் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் வலது காலை நீட்டி அவர் உட்கார்ந்திருந்தார். முதலாளி ஓடிப்போய்ச் சுப்புலட்சுமி அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். அந்த அம்மா வந்து, முகத்தைக்கூடப் பார்க்காமல், கணுக்காலிலிருந்து முழங்கால் வரை அழுத்தி அழுத்திப் பார்த்தார். காலுக்கு ஒன்றும் இல்லை. முழங்கையில் மட்டும் தோல் வழன்றிருந்தது. பம்பர் வளைந்து, சுற்றிய கயிறு நார் நாராகத் தொங்கியது. காலில் விழ வேண்டிய அடியைப் பம்பர் வாங்கிக்கொண்டது.

முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் இரண்டு விளக்கு மாட்டினால் இதுவும் நடந்திருக்காது என்று ஆரம்பித்தார். அதுவரை பேசாமல் மாட்டைத் தடவிக்கொண்டு நின்ற வண்டிக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். அவர் ஆமத்தூர் கருப்பையா. காட்டுப் பாதையிலிருந்து ரோட்டில் குறுக்கே ஏறியது அவர் வண்டிதான். அதை இடிக்காமல் இருக்கத்தான் அழகர்சாமி பிரேக்கை அமுக்கி விழுந்திருக்கிறார். இவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்த பிறகும் ஏன் ஏறினாய் என்று முதலாளி கேட்டார்.

"ரெண்டு வெளிச்சம் கிட்டக்கிட்டத் தெரிஞ்சிச்சு. காரு எங்கிட்டோ தொலவெட்டுல வருதுன்னு நெனச்சேன். பாத்தா, எம் மாட்டு மூஞ்சிக்கு நேரா நிக்கீகளே."

எதிரே உட்கார்ந்து பார்த்தது

அன்றைக்கு ராத்திரி எனக்கு அதே நினைப்பு. காரில் இரண்டு விளக்குக்கும் நடுவே ஆள் படுக்கிற அகலம் இருக்கும். அது தூரத்தில் வரும்போது இரண்டும் நெருங்கித் தெரியும். எங்கள் பம்பரில் இரண்டும் எப்போதுமே நெருங்கித்தான் இருக்கின்றன. பக்கத்தில் வந்தாலும் தூரத்துக் கார்தான். இத்தனை நாளும் விளக்கு மாட்டியதும் ஹேண்டிலுக்குப் பின்னால் நின்று, ரோடு தெரிகிறதா என்று பார்த்தோமே தவிர, எதிரே வருகிறவருக்கு என்ன தெரிகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. மறுநாள் இதை முதலாளியிடம் சொன்னேன். அவரிடம் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். விளக்கு விற்கிறவனிடம் விளக்கைக் கழற்றச் சொல்கிறாயே என்று முனகினார். ஆனாலும் கருப்பையாவுக்கு ஆள் அனுப்பினார்.

சாயங்காலம் இருட்டினதும் கருப்பையா ரோட்டோரம் தன் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். புதுப் பம்பர் மாட்டிய அழகர்சாமியின் மோட்டார் சைக்கிளை முதலாளி விதவிதமாக விளக்குப் போட்டு ஓட்டி வந்தார். இரண்டு சின்ன விளக்கோடு வந்தால், கார், ரொம்பத் தூரம் என்றார். மூன்றும் எரிந்தபோது, கல்யாண ஊர்வலமா என்று கேட்டார். கடைசியில் ஒரு சின்ன விளக்கை எடுத்துவிட்டு, மற்றதைப் பெரிய விளக்குக்கு நேர் கீழே, தரையைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. பேட்டரியும் தாங்கியது. கருப்பையா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இப்பத்தான் ஒத்தை ஆளு கிட்டத்துல வாறாருன்னு தெரியுது. முந்தி காரு வேசமில்ல போட்டுக்கிட்டு வந்தீக."

மல்லாங்கிணற்றுத் தம்பி

இது பரவி, மேலொன்று கீழொன்று விளக்குக்கும் நாலு விரற்கடை பம்பருக்கும் ஆட்கள் வந்தார்கள். மல்லாங்கிணற்றுப் பக்கம் நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை ஒருவர் இரண்டையும் மாட்டிக்கொண்டு போனார். நல்ல பிள்ளை, மரியாதையான பேச்சு. மூன்று தடவை பம்பரை வளைத்துக்கொண்டு வந்தார். பின்சுவரில் அவருக்கென்று ஒரு வரிசை ஆணியே அடித்தேன். பம்பர் இல்லாத காலத்தில் ஒருமுறைகூட விழாதவர் ஏன் இப்படி என்று முதலாளி கேட்டதற்கு, அந்தப் பிள்ளை ஒளிவுமறைவில்லாமல் சொன்னது:

"பம்பரு இருக்குன்னுதானண்ணே அம்புட்டு வேகமாப் போனேன். இல்லைன்னா போவேனா?"

பின்னால் ஒரு ஆர்டர்

ஒரு நாள் மத்தியானம் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். சுப்புலட்சுமி அம்மா தனியாக வந்தார். நான் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றேன். இதையெல்லாம் மாட்டியதால் இவுக பத்திரமா, ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டார். அழகர்சாமி கொஞ்ச நாளாக மறுபடி வேகம் கூட்டுகிறார் என்றும், நாய்க்கும் மாட்டுக்கும் முன்போல ஒதுங்குவதில்லை என்றும், பார்த்தவர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள். பம்பர் இருக்கிறதே என்கிறாராம்.

நான் பின்சுவரைக் காட்டினேன். அதில் தொங்குகிற அத்தனை பம்பருக்கும் உரியவர்களில் கால் முறிந்தவர் ஒருவர்தான் என்றேன். அந்த அம்மா முகம் தெளிந்தது. ஆனால் கணக்கைப் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை. கால் தப்பியது சரி, அத்தனை பேரும் விழுந்தவர்கள் என்பதையும் சொன்னேன். அவர் சுவரில் தொங்கியதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பிறகு ஒரு ஆர்டர் கொடுத்தார்.

"விழுந்த பொறகு பம்பரு பாத்துக்கிடட்டும்ணே. விழாம நான் பாத்துக்கிடுறேன். பின்னால ஒரு சீட்டு மாட்டுங்க."

மாட்டினேன். புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்கக் கம்பி வலையும், பிடித்துக்கொள்ள ஒரு வளையமும் வைத்தேன். சுப்புலட்சுமி அம்மாவுக்குப் பிறந்த வீடு சிவகாசி. சீசன் நாட்களில் மத்தியானம் பஸ்ஸில் அங்கே போய், பொழுது சாய்கிற நேரத்தில் அழகர்சாமியோடு வண்டியில் திரும்புவார். ஆமத்தூர் நெருங்கும்போது முதுகில் ஒரு தட்டு, மாட்டுவண்டி தெரிந்தால் இரண்டு தட்டு. ஊரில் சிலர் சிரித்தார்கள். அந்த அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெகுநாள் கழித்து அழகர்சாமி பஞ்சர் ஒட்ட வந்தபோது, எப்படி இருக்கிறது வண்டி என்று முதலாளி கேட்டார். அவர் வலது காலை ஊன்றி நின்றுகொண்டு, கொஞ்சம் சலிப்பும் கொஞ்சம் சிரிப்புமாகச் சொன்னார்:

"இப்ப வண்டிக்கு நாலு கண்ணுண்ணே. பின்னால இருக்கிற ரெண்டும் பேசுது."

எங்கள் பட்டறையில் மாட்டிய பாதுகாப்புச் சாமான்களில், வளைந்து திரும்பி வராதது அந்தப் பின்சீட்டு ஒன்றுதான்.