பரிசோதகரின் வலது கை

ஆஸ்பத்திரியில், இயந்திரத்தின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பஹாரோம் நாற்காலியில் உட்காருவார். மின்கம்பி சுவரில் செருகியிருக்கிறதா, விளக்கு எரிகிறதா, நேற்று இருந்த அதே பெட்டிதானா என்று மூன்றையும் பார்ப்பார். வலது கை எதிலும் பட்டுவிடாமல் உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கும். காதடைப்பானை வாங்கி இடது கையாலேயே இரண்டு காதிலும் செருகிக்கொண்டு, "ம், ஆரம்பிங்க. ஆனா மொதல்ல வெரலைக் காட்டுங்க" என்பார்.

வெரல் என்பது அவருடைய வலது கட்டைவிரல். சிகிச்சையாளர் மிஸ் சுவா, எட்டு என்ற எண்ணைப் போல் வளைந்த காந்தச் சுருளை அவர் தலையின் இடப்பக்கம் வைத்து ஒரு சொடுக்குச் சொடுக்கினால், அந்தக் கட்டைவிரல் தன்னால் துள்ளும். கைவலியைத் தணிக்க, மூளையில் கையை ஆளும் இடத்தை அப்படித்தான் தேடிப்பிடிக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒரு நாள் துள்ளினால் போதும். பஹாரோமுக்குத் தினமும் துள்ள வேண்டும். ஆராய்ச்சிகளில் பாதிப்பேருக்குச் சத்தம் மட்டும் போடும் வெற்றுச் சுருளை வைப்பார்கள் என்று யாரோ அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள்.

"அங்கிள், இது ஆராய்ச்சி இல்ல, வைத்தியம். ஒங்களுக்குப் போயி நான் எதுக்கு டூப்பு வைக்கப்போறேன்?"

"வைக்கமாட்டேன்னுதான் எல்லாக் கடைக்காரனும் சொல்லுவான்."

முப்பத்திரண்டு வருடம் எடை அளவுப் பரிசோதகராக இருந்தவர். மலேசியாவில் எங்கள் ஊரான தைப்பிங்கின் சந்தையில் அவர் நுழைந்தால் மீன்கடைக்காரர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள் என்பதை நானே பார்த்திருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன், ஓய்வுபெற ஐந்து மாதம் இருக்கும்போது, தராசைச் சோதிக்கக் கொண்டுபோன இருபது கிலோ இரும்புக்கல் நழுவி அவர் புறங்கையில் விழுந்தது. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. நரம்பு கூடவில்லை. மின்விசிறிக் காற்று பட்டாலே எரிகிறது என்று வீட்டுக் கூடத்தில் விசிறியை நிறுத்திவிட்டார். சட்டைகளில் வலது கையை மட்டும் முழங்கைக்கு மேலே வெட்டித் தைத்திருக்கிறார்.

எறும்பு கடிப்பதுபோல் இருக்குமா என்று ஒருநாள் கேட்டேன். "எறும்பா இருந்தா தட்டிவிடலாமே வாத்தியாரே. இது ஆளில்லாத வீட்டுல போன் அடிக்கிற மாதிரி. எடுத்து யாருன்னு கேக்கவும் முடியல, நிக்கவும் மாட்டேங்குது."

அவரால் கார் ஓட்ட முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் வாரத்தில் ஐந்து நாள், இரண்டு வாரம், ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டிப்போனேன். இருபது நிமிடம் மரங்கொத்தி கொத்துவதுபோல் அந்தச் சுருள் சொடுக்கும். அது ஓய்ந்ததும் மிஸ் சுவா தாளை எடுத்து, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்பார். முதல் நாள் இந்தக் கேள்வியிலேயே கால்மணி நேரம் போயிற்று.

"பூஜ்யம் எங்க இருக்குன்னு காட்டுங்க. பத்து எங்க இருக்குன்னு காட்டுங்க. நடுவுல நான் நிக்கிற எடத்தைச் சொல்றேன்."

"பூஜ்யம்னா வலியே இல்ல அங்கிள். பத்துன்னா நீங்க நெனச்சுப் பாக்கக்கூடிய ரொம்ப மோசமான வலி."

"நான் நெனைக்கிறதா? அப்போ கல்லும் நானே கொண்டாரணும், எடையும் நானே சொல்லணும். இப்படி ஒரு கடை இருந்தா அன்னைக்கே பூட்டுப் போட்டிருப்பேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. வலியைப் பற்றி எழுதிய பெரிய மனிதர்கள் பலர் இந்த இடத்தில் பக்கம் பக்கமாகச் சுற்றியிருக்கிறார்கள். மிஸ் சுவாவுக்கு அவ்வளவு நேரம் இல்லை. "சரி, ஒரு நம்பர் சொல்லுங்க" என்றார். எட்டு என்றார் பஹாரோம், கடன் கொடுப்பவர் முகத்தோடு.

அதன்பிறகு கைக்கு வேலை. பஞ்சால் தடவுவது, துண்டால் தடவுவது, அரிசிப் பாத்திரத்துக்குள் கையை விட்டுக் கோலிக்குண்டுகளைத் தேடி எடுப்பது. கடைசியில் கண்ணாடி. வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட்டு இடது கையை முன்னால் அசைத்தால், வலது கைதான் வலியில்லாமல் அசைகிறது என்று மூளை எடுத்துக்கொள்ளுமாம். எதையும் நம்பாத மனிதர் இதற்கு மட்டும் மறுப்புச் சொல்லவில்லை. "இதுவும் ஏமாத்துதான். ஆனா ஏமாத்துறோம்னு சொல்லிட்டுச் செய்றாங்க" என்றார்.

இத்தனைக்கும் அவசரம் ஒன்று இருந்தது. பத்தாம் நாள் சிகிச்சைக்கு அடுத்த நாள், சனிக்கிழமை, மகள் சுஹைலாவுக்குக் கல்யாணம். பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் வலது கையைத் தன் வலது கையால் பிடித்து, பெண்ணைக் கொடுக்கிறேன் என்ற வாசகத்தைச் சொல்லி, முடிவில் ஓர் உலுக்கு உலுக்க வேண்டும். முடியாதவர்கள் அந்த உரிமையை, நிக்காஹ் நடத்திவைக்கும் காதியிடம் ஒப்படைக்கலாம்.

"ஊர்ல பாதிப்பேர் காதிகிட்டதான் குடுக்கறாங்க. நாக்கு குழறும்னு பயந்து குடுக்கறவங்களே இருக்காங்க. ஒங்களுக்குக் கையே ஆகல" என்பார் மனைவி கல்சோம்.

"நான் பாக்க வேண்டிய தராசுக்கு இன்னொருத்தனை விட்டு முத்திரை குத்தினதில்ல."

மாப்பிள்ளை ஹஸ்வானுக்கு டுரியான் வியாபாரம். பழத்தை எடைபோட்டு விற்பவன் என்று தெரிந்த மறுநாளே பஹாரோம் சொல்லாமல் கொள்ளாமல் அவன் கடைக்குப் போய்த் தராசைச் சோதித்தார். கிலோவுக்கு இருபது கிராம் வாங்குகிறவர் பக்கமே சாய்ந்தது. கல்சோமுக்குச் சந்தோஷம். இவருக்கு இல்லை. "தன் பொருளையே காவல் காக்கத் தெரியாதவன்" என்றார்.

ஆறாம் நாள் எண்ணைக் கேட்டபோது ஏழு என்றார். காரில் வரும்போது, ஏரிக்கரை தாண்டியதும், தானாகவே பேச்சை எடுத்தார்.

"எனக்கு அஞ்சுன்னுதான் பட்டுச்சு வாத்தியாரே."

"பின்ன ஏன் ஏழுன்னீங்க?"

"அஞ்சா இருக்கணும்னு எனக்கு ஆசை. அந்த ஆசையும் தட்டுல ஏறி ஒக்காந்திருக்கு. அது எவ்வளவு கனம்னு தெரியல. சந்தேகத்துக்கு ரெண்டு கூட்டிச் சொன்னேன்."

ஆசை கலக்காத சோதனை ஒன்றை அன்று ராத்திரியே கண்டுபிடித்தார். மத்தியானத் தொழுகை முடிந்து அவர் அசந்து தூங்கும்போது கல்சோம் பத்திக் துணியின் முனையை வலது புறங்கையில் போட வேண்டும். எழுந்தால் தோல்வி. ஏழாம் நாள் எழவில்லை என்றார் கல்சோம். "அவ கல்யாணக் கட்சி" என்று அந்த நாளைத் தள்ளிவிட்டு, எந்தக் கட்சியும் இல்லாத என்னைச் சாட்சிக்கு உட்காரவைத்தார். எட்டாம் நாள் துணி விழுந்தது, குறட்டை நிற்கவில்லை. விழித்ததும் என் வாயைப் பார்த்தார்.

"அவ குடுத்த வாழப்பழப் பணியாரம் தின்னீங்களா?"

"ரெண்டு."

"பரிசோதனைக்குப் போன கடையில நான் தண்ணிகூடக் குடிச்சதில்ல."

ஆனாலும் அந்த நாளைத் தள்ளவில்லை. ஒன்பதாம் நாளும் தூங்கினார். நான் பட்டினியாக உட்கார்ந்திருந்தேன். பத்தாம் நாள் துணி பட்டதும் முனகிக்கொண்டு கையை உதறி எழுந்துவிட்டார். கல்சோமின் கண் கலங்கிவிட்டது. அவரோ என்னைப் பார்த்து, "ஆக மூணுல ரெண்டு" என்றார். "மூணும் தேறியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் மிஸ் சுவாவிடம் ஐந்து என்றார். "அரை கூடக்கொறைய இருக்கலாம். எழுதிக்குங்க."

இந்த வைத்தியம் அவரைக் குணப்படுத்தியது என்று நான் எழுதமாட்டேன். கல்யாணத்தன்று காலையிலும் கூடத்தின் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். அறுபது பேர் பாயில் நெருக்கியடித்து வேர்த்துக்கொண்டிருந்தோம். நீங்களா நானா என்று காதி கேட்டதற்கு, "நீங்க பக்கத்துலயே ஒக்காருங்க. முடியலன்னா சொல்றேன்" என்றார். காதி சரியென்று தலையாட்டிவிட்டு நெருங்கி உட்கார்ந்துகொண்டார்.

ஹஸ்வான் எதிரே மண்டியிட்டிருந்தான். விஷயம் தெரிந்தவன். நீட்டிய கையை வாங்கிக்கொண்டானே தவிர, முட்டையை ஏந்துவதுபோல் விரல்களைப் பட்டும் படாமல் வைத்திருந்தான். பஹாரோம் வாசகத்தைத் தொடங்கினார். மூன்று சொல் போயிருக்கும், நிறுத்திவிட்டார். நெற்றியிலிருந்து வேர்வை மூக்குநுனிக்கு இறங்கியது. காதி தன் கையை முழங்காலிலிருந்து எடுத்தார்.

"என்ன இது, பிடிக்கிறியா, பேருக்குத் தொடுறியா?"

"வலிக்கும் மாமா" என்றான் ஹஸ்வான், அடிக்குரலில்.

பஹாரோம் இடது கையைக் கொண்டுவந்து அவன் விரல்களை, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக, தன் வலது புறங்கையின் மேல் மடக்கி அழுத்தினார்.