தூக்குவாளி காட்டிக்கொடுத்தது

நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வாரும் ராட்சத இயந்திரத்தை ஓட்டுகிறவன் நான். வீட்டில் உல்லன் நூலில் பொம்மை பின்னுவேன். யாராவது கேட்டால் மனைவி பின்னியது என்று சொல்லிவிடுவேன்.

டவுன்ஷிப் கண்காட்சிக்கு எங்கள் இயந்திரத்தையே பொம்மையாகப் பின்னினேன். அதன் சக்கரத்தைச் சுற்றி மண் வாரும் வாளிகளுக்குப் பதிலாகச் சிரிக்கிற வாய்கள். கீழே மனைவி பெயர் எழுதிய அட்டை.

ஷிப்ட் முடிந்து ஆட்களோடு வந்த போர்மேன் பொம்மையின் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே கடுகளவு தூக்குவாளி ஒன்று தொங்கியது.

"ஏம்பா, நீ கேபின்ல சாப்பாட்டுத் தூக்கை எங்க மாட்டுவேன்னு வூட்ல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. எனக்கு ஊசி பிடிக்கவே வராது" என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "நான்தாங்க பின்னினேன்" என்றேன். எல்லாரும் சிரிக்கப் போகிறார்கள் என்று தலை குனிந்து நின்றேன்.

"அப்போ கீழ நின்னு கத்திக்கினு இருக்கற ஆளு எங்க? என்னையும் பின்னுப்பா" என்றார் போர்மேன்.

"என்னையும்" என்று பின்னாலிருந்து இன்னும் நாலைந்து குரல்கள்.

மனைவி அட்டையைத் திருப்பி என் பெயரை எழுதி வைத்தாள். இத்தனை வருடம் அந்த உயரமான கேபினில் உட்கார்ந்திருக்கிறேன். அன்று தரையில் நின்றபோதுதான் உயரத்தில் இருப்பதாகத் தோன்றியது.